அத்தான் பெயரில் ஒரு கம்பெனி

ஆஸ்பத்திரி சலவைக்கூடம்,
செவ்வாய், மதிய இடைவேளை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த வெளிநாட்டில் அப்படித்தான் இருப்பாய் என்று நம்புகிறேன். கம்பெனி விஷயம் எதையும் போனில் பேசக் கூடாது என்று நீதான் சொன்னாய். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். நான் கடைசியாக இவ்வளவு நீளமாக எழுதியது பள்ளிக்கூடப் பரீட்சையில், அதிலும் பாதி மார்க்குதான். பொறுத்துக்கொண்டு படி.

இங்கே பெரிய உலர்த்தும் இயந்திரம் மறுபடியும் படுத்துவிட்டது. ஈரப் போர்வைகளை இரண்டிரண்டு பேராகப் பிடித்து உதறிக் காயப்போடுகிறோம். என்னோடு ஜோடி சேர்ந்திருக்கும் புதுப் பெண் நான் இடது பக்கம் மடித்தால் அவள் வலது பக்கம் மடிக்கிறாள். திட்டினால் சிரிக்கிறாள். பாப்பாவுக்கு இது கடைசி வருடப் படிப்பு. வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. கண்ணாடியோடு மட்டும்தான் பேச்சு. உன் அத்தான் ஐஸ் தொழிற்சாலையில் அதே வேலையில்தான் இருக்கிறார். கம்ப்ரசர் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நான் கூப்பிடுவது அவர் காதில் விழுவதே இல்லை. விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் கம்பெனிப் பதிவு அலுவலகத்திலிருந்து அத்தானைக் கூப்பிட்டிருந்தார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏதோ முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். உள்ளே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. இப்போது சட்டம் மாறியிருக்கிறதாம். கம்பெனி யார் பெயரில் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாதாம். யார் சொன்னால் அங்கே வேலை நடக்கும், லாபம் கடைசியில் யார் கைக்குப் போகும், அந்த ஆளின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். உண்மையான உரிமையாளர் என்று அதற்குப் பெயர். சொல்லாமல் விட்டால் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் அபராதம். தெரிந்தே பொய் சொன்னால் அபராதத்தோடு ஜெயில். ஆனால் மாதக் கடைசிக்குள் தாங்களாகவே வந்து திருத்திக் கொடுப்பவர்களுக்குத் தண்டனை கிடையாதாம். இந்தக் கடைசி விஷயத்தை அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு கேள்விகள். கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்டார். பழைய குளிர்பதன இயந்திரங்களை வாங்கி விற்கிறது என்றார் அத்தான். எதை வாங்குவது, என்ன விலைக்கு விற்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றார். உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் இல்லை என்றார், வாய் கூசாமல். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார் பார், இன்னும் வலிக்கிறது.

படி இறங்கும்போது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நம்ம வீட்டுப் பையனை வெளியாள் முன்னாடி காட்டிக் கொடுக்கச் சொல்றியா?" என்று என்னிடமே பாய்ந்தார். அவர் அப்படித்தான் சொல்வார். நீ எங்களோடு வந்தது எப்படி என்று உனக்கே தெரியும். அப்பா அம்மா போன பிறகு கல்யாணமான கையோடு உன்னையும் கூட்டிக்கொண்டுதான் இவர் வீட்டுக்கு வந்தேன். ஒரே நாளில் பெண்டாட்டியும் பிள்ளையும் வாங்கிவிட்டான் என்று அவரோடு வேலை செய்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பாப்பா பிறந்த பிறகும் யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால் இரண்டு என்றுதான் சொல்வார்.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. முதல் கம்பெனி கவிழ்ந்தபோது, சில வருடங்களுக்கு நீ எந்தக் கம்பெனியும் நடத்தக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் அத்தான் பெயரைப் போட்டாய். ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா, அப்புறம் மறந்திடுங்க என்றாய். நாங்களும் மறந்துவிட்டோம். அவர்கள் மறக்கவில்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் வக்கீலை விட்டு உண்மையைத் திருத்திக் கொடுக்கச் சொல். உனக்கும் ஏதாவது தொந்தரவு வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தானாக வந்தவனுக்கு வேறு கணக்கு, பிடிபட்டவனுக்கு வேறு கணக்கு என்று அந்த அம்மா பேச்சிலேயே தெரிந்தது. நான் எழுதியது அத்தானுக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அக்கா


ஆஸ்பத்திரி சலவைக்கூடம்,
வெள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரும் என்று இத்தனை வாரமாகத் தபால்காரரை வழிமறிக்காத குறையாக நின்றேன். பதில் வரவில்லை, பார்சல் வந்தது. பாப்பாவுக்கு நீ அனுப்பிய கோட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. உள்ளே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாயா என்று பைகளில் எல்லாம் கை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பாப்பா ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் மாட்டிவிட்டாள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் நீ சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தேன். உன் அத்தான் ஐஸ் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு காலையில் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு தோல் பையுமாக நிற்கிறார். எங்கே என்று கேட்டால், "நம்ம கம்பெனிக்கு" என்கிறார். அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டதாம். தான் முதலாளி என்று சொன்னது பொய்தானே, இன்றிலிருந்து நிஜமாகவே போய் முதலாளியாக உட்கார்ந்துவிட்டால் அது பொய் இல்லையே என்கிறார். திருத்திக் கொடுக்க மாதக் கடைசி வரைக்கும் டைம் இருக்குல்ல, அதுக்குள்ள நான் திருந்திடறேன் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, தம்பி. முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னார்.

அப்படித் தினமும் போனார். டயர் கடைக்கு மேலே உன் ஆபீஸ் இரண்டு அறைகளில் இருக்கிறது அல்லவா, அதில் உள் அறையில் ஒரு மேஜை வாங்கிப் போட்டுக்கொண்டார். வாசலில் தன் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டினார். நீ அங்கே வைத்திருக்கும் மீசை மேனேஜருக்கு இவரை என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். மரியாதையாக வணக்கம் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து உன்னைக் கூப்பிட்டுப் பேசுவாராம். இவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி பேப்பர் படிப்பாராம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், இயந்திரத்தோடு மல்லுக்கு நின்ற நாட்களில்கூட இல்லாத களைப்பு. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமா என்று கேட்டார்.

எத்தனை நாள்தான் சும்மா உட்காருவார்? ஆபீஸ் ஏ.சி. சரியாகக் குளிரவில்லையாம். கை அரித்திருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவி, எங்கே கேஸ் கசிந்து குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மா இரண்டு ஆட்களோடு உள்ளே வந்திருக்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் வரும் சோதனை.

உள்ளே ஏற்கெனவே ஒருவர் வந்து இயந்திரம் ஒன்றுக்கு விலையைக் குறைக்கச் சொல்லி மேனேஜரோடு மல்லாடிக்கொண்டிருந்தாராம். மேனேஜர் வந்தவர்களைக் கவனிக்கவில்லை. "இருங்க, முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு, ஸ்டூலில் நின்ற அத்தானைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். அதிகாரி அம்மா வாசல் பலகையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, முதலாளி இங்கேதானே நிற்கிறார் என்று அமைதியாகக் கேட்டாராம். மேனேஜர் கையில் இருந்த போனில் நீ ஹலோ ஹலோ என்று கத்துவது அறை முழுவதும் கேட்டதாம்.

அத்தான் இதை வீட்டில் நடித்துக் காட்டினார். மேனேஜர் விழித்த முழியைச் செய்து காட்டி அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பாப்பாகூடச் சிரித்தாள். பிறகு தட்டில் கை வைத்தவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

மறுநாள் உன் போன் நம்பர் இல்லாமல் போய்விட்டது. நான் மூன்று பேர் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

மாதக் கடைசி தாண்டியதும் கேஸ் போட்டுவிட்டார்கள். பெயரைச் சொல்லாமல் விட்டது ஒரு குற்றம், தெரிந்தே பொய் சொன்னது இன்னொரு குற்றம். இரண்டாவதுதான் ஜெயில். நமக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்று கோர்ட்டிலேயே ஒருவரைக் கொடுத்திருக்கிறார்கள். சின்ன வயசுக்காரர், நல்லவர். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கம்பெனிக்குத் தன் பெயரைக் கொடுத்தவர் ஏமாந்தவர், பின்னால் இருந்து நடத்தியவர் வேறு ஆள் என்று நிரூபித்தால் அபராதத்தோடு விட்டுவிடலாமாம். அதற்கு அந்த ஆள் யார் என்று அத்தான் சொல்ல வேண்டும், அல்லது அந்த ஆளே வந்து ஒத்துக்கொள்ள வேண்டும். அத்தான் சொல்லமாட்டார். வக்கீல் கெஞ்சிப் பார்த்தார், நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். "அவனுக்கு ஏற்கெனவே ஒரு கேஸ் இருக்கு. இதுவும் சேந்தா பையன் எழுந்திரிக்கவே முடியாது. எனக்கென்ன, வயசாச்சு" என்கிறார். அவருக்கு ஒன்றும் அப்படி வயதாகிவிடவில்லை. உனக்காக வயதை ஏற்றிக்கொள்கிறார்.

நேற்று பாப்பா கேட்டாள். "மாமாதான் முதலாளின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்ல. அப்புறம் ஏன் யாரும் சொல்ல மாட்டேங்கறீங்க?" நான் அவளைத் திட்டி உள்ளே அனுப்பினேன். திட்டியது தப்பு.

வந்துவிடு, தம்பி. டிக்கெட்டுக்குக் கஷ்டம் என்றால் சொல், என் வளையல் இருக்கிறது. கோர்ட்டில் நீ வந்து நின்றால் போதும். அவர் உன்னைப் பார்த்துவிட்டு முதலில் என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா


வீட்டிலிருந்து,
ஞாயிறு

தம்பி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். உன் மேல் எனக்கு ஆத்திரம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கோர்ட்டுக்கு நீ வருவாய் என்று நானும் பாப்பாவும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பாப்பா நீ அனுப்பிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ வரவில்லை. மேனேஜர் போனில் கூப்பிட்டது உன்னைத்தான் என்று கோர்ட் விளக்கம் கேட்டிருந்ததாம், அதற்கு உன் வக்கீல் வந்தார். நல்ல துணி, நல்ல ஷூ. எழுந்து நின்று நீ எழுதிக் கொடுத்ததைப் படித்தார். உனக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஆலோசனை சொல்வதைத் தவிர வேறு சம்பந்தம் இல்லையாம். எல்லா முடிவுகளையும் உன் அக்கா வீட்டுக்காரரே எடுத்தாராம். போனில் கேட்டது உன் குரலாகவே இருந்தாலும் அதுவும் ஆலோசனைதானாம். எதையாவது மறைத்திருந்தால் அவரே மறைத்திருக்க வேண்டுமாம்.

மறைத்தது அவர்தான், உண்மை. யாரை மறைத்தார்?

அத்தான் அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் சத்தத்தில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டார். படித்து முடித்ததும் நீதிபதி அவரைப் பார்த்து, இது சரிதானா, இதற்குப் பிறகு சொல்வதற்கு உங்களுக்கு வாய்ப்பு இல்லை என்றார். நான் என் இடத்திலிருந்து எழுந்தேவிட்டேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. "சரிதாங்க. அவன் படிச்ச பையன். யோசனை மட்டும்தான் சொல்வான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. அதை மட்டும் என்னால் மறக்கவே முடியாது.

ஒரு வருடம் ஜெயில். பெயரைச் சொல்லாமல் விட்ட நாட்களுக்கெல்லாம் அபராதம் தனி. நீதிபதி கையெழுத்துப் போட்டதும் காவலர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் இரண்டு விஷயம் சொன்னார். ஐஸ் தொழிற்சாலையில் இரண்டாவது கம்ப்ரசரின் வால்வு தேய்ந்திருக்கிறது, வெயில் காலத்துக்கு முன்னால் மாற்றச் சொல் என்றார். வேலையை விட்டவருக்கு எதற்கு இந்த அக்கறை? இரண்டாவது, உனக்கு எதுவும் எழுத வேண்டாம் என்றார். "கவலைப்படுவான்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் தம்பி, எனக்குள் ஏதோ அற்றுப் போனது.

போன ஞாயிறு அவரைப் பார்க்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். சட்டைக் காலரில் இரண்டு விரல் நுழையும் போலிருக்கிறது. அங்கே சமையல்கூடத்தில் குளிர்பதன அறை ஒன்று பழுதாகிக் கிடக்கிறதாம், தன்னைத் தொட விடமாட்டேன் என்கிறார்களாம், அதுதான் பெரிய கஷ்டம் என்றார். பிறகு, பையன் கூப்பிட்டானா என்று கேட்டார். கூப்பிட்டான் என்றேன். என்ன சொன்னான் என்றார். உங்களை நினைத்து அழுதான், பேசவே முடியவில்லை என்றேன். அதன் பிறகு நேரம் முடிகிற வரைக்கும் அவர் சந்தோஷமாக இருந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். தம்பி என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் வாயில் வந்துவிட்டது.

இந்த வாரம் அதிகாரி அம்மா என்னை வரச் சொல்லியிருந்தார். தண்டனையோடு கதை முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம், முடியவில்லையாம். உண்மையான உரிமையாளரின் பெயர் இன்னும் பதிவாகவில்லை. பதிவாகாத ஒவ்வொரு நாளும் அபராதம் அத்தான் பெயரில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் உள்ளே இருந்தாலும் ஏறும், தூங்கினாலும் ஏறும். வெளியே வரும் நாளில் பெயர் எழுத வேண்டிய இடம் அப்படியே வெற்றாக இருந்தால் புதிதாக இன்னொரு கேஸ் போடலாம். அந்த ஆள் முன்வந்து ஒத்துக்கொண்டால் மட்டும் அத்தானின் தண்டனையை மறுபடியும் விசாரிக்கக் கேட்கலாம். இதையெல்லாம் மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நான் தண்ணீரைக் குடித்தேன். டம்ளரை வைத்தேன். முதலாளி நீதான் என்று உன் பெயரைச் சொன்னேன்.

முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். முதல் கம்பெனி கவிழ்ந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து நீ கையெழுத்து வாங்கியதைச் சொன்னேன். கூடப் பிறந்த தம்பியா என்று அந்த அம்மா கேட்டார். தம்பிதான், ஆனால் நாங்கள் வளர்த்த பிள்ளை என்றேன். பேனாவை மூடி வைத்தார். வேண்டுமானால் நாளைக்கு வந்து சொல்லுங்கள் என்றார். நாளைக்கு வந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவிடம் சொன்னேன். அவள் வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று பயமாக இருக்கிறது. அவர் காப்பாற்றிய ஒரே ஒரு பொய்யை நான் உடைத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேன் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது. அடுத்த நிமிஷம் உன் சின்ன வயது முகம் வந்து நிற்கிறது.

நீ எங்கே இருக்கிறாய் என்றும் கேட்டார்கள். அதையும் கொடுத்தேன். நீ எனக்கு மட்டும் சொன்ன முகவரி, இந்த உறை மேல் எழுதியிருக்கும் அதே முகவரி. இரண்டு நாட்டு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று எழுதிக் கேட்டு ஆள் வர வாரக்கணக்கில் ஆகுமாம். தபால் அதற்கு முன்னால் வந்துவிடும். நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களை மட்டும்தான் அக்காவால் உனக்குக் கொடுக்க முடிந்தது. அதை வைத்துக்கொண்டு நீ வேறு எங்காவது ஓடலாம். ஓடினால் இனி நான் எழுத முகவரி இருக்காது.

நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஆத்திரத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் மனசாரச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரும்போது பையன் என்ன சொன்னான் என்று அவர் மறுபடியும் கேட்பார். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, அவனாகவே வந்துவிட்டான் என்று ஒரு தடவை, பொய் இல்லாமல், அவரிடம் நான் சொல்ல வேண்டும். சொல்ல வை.

உன்
அக்கா